இரண்டாம் அட்டவணையைப் பார்க்கவும்

அம்மா, அப்பா, அக்கா, மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே செய்தியாகச் சொல்லிவிடுகிறேன். தனித்தனியாகச் சொன்னால் ஆளுக்கொரு கதையாகிவிடும். பஸ்ஸில் உட்கார்ந்து போனிடம் பேசிக்கொண்டு வருகிறேன், அது எழுதிக்கொள்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்த்துப் பயந்து ஜன்னலோடு ஒட்டிக்கொண்டுவிட்டார். இதில் பாதி அக்காவுக்குத் தெரியும். தெரிந்த பாதியில் குறுக்கே பேசாமல் அவள் அமைதியாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு உண்மை. நான் வக்கீல் இல்லை. சட்டப் பிரிவில் வேலை என்று நான் சொன்னதை, வக்கீலாகிவிட்டாள் என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். எங்கள் சட்டப் பிரிவு என்பது மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இரண்டு மேஜை, ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு வக்கீல் சார். வக்கீல் அவர்தான். நான் பக்க எண் போடுகிறவள்.

எங்கள் கம்பெனி, கட்டடங்களின் மொட்டைமாடியை வாடகைக்கு எடுத்து அங்கே செல்போன் ஆன்டெனா நிறுத்தும். ஒவ்வொரு மாடிக்கும் முப்பது பக்கத்தில் ஓர் ஒப்பந்தம். அதற்கு ஒரு மூலப்பிரதி இருக்கிறது. வக்கீல் சார் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியது. பெயர், முகவரி, தேதி இந்த மூன்றை மட்டும் மாற்றலாம். மற்றதில் கை வைத்தால் கை இருக்காது என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

சேர்ந்த அந்த நாளிலிருந்து ஆறு மாதம் எனக்குத் தகுதிகாண் காலம். அது நேற்று, வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. வக்கீல் சார் பணி உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் என் விசா நீளும். போடாவிட்டால் ஒரே மாதத்தில் பெட்டியோடு உங்கள் வாசலில் நிற்பேன், சித்தப்பா ‘வக்கீலம்மா லீவுல வந்திருக்கா’ என்று சமாளிக்க வேண்டியிருக்கும். இதை நான் உங்களிடம் சொல்லவில்லை. ‘நல்லா இருக்கேன்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படிக் கழுத்தில் கத்தி தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் தையல்காரம்மா வந்தார்.

நாலு மாடிக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். கீழே அவருடைய தையல்கடை, மூன்றாவது மாடியில் வெட்டும் அறை. அந்தத் தெருவில் அதுதான் உயரமான மாடி என்பதால் கம்பெனிக்கு அது வேண்டியே ஆக வேண்டும். அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது, படிக்க முடியாது. “முப்பது பக்கத்தையும் யாராவது எனக்குப் படிச்சுக் காட்டணும். ‘அங்க பாக்கவும், இங்க பாக்கவும்’னு வர்ற இடத்தையெல்லாம் உடனே பிரிச்சுக் காட்டணும். இல்லன்னா கையெழுத்து கிடையாது” என்று சொல்லியனுப்பிவிட்டார்.

உடனே பிரிப்பதற்கு வசதியாக ஒட்டுச்சீட்டு ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். எங்காவது போகச் சொல்கிற இடத்தில் மஞ்சள் சீட்டு. போய்ச் சேர்கிற இடத்தில் அதே நம்பர் போட்டுப் பச்சைச் சீட்டு. நாற்பத்தோரு மஞ்சள், நாற்பத்தோரு பச்சை. திங்கட்கிழமை முழுக்க அதே வேலை.

பிரிவு ஒன்று புள்ளி ஒன்றில் இப்படி இருந்தது: ‘தொலைத்தொடர்புச் சட்டம் என்பது இரண்டாம் அட்டவணையில் தரப்பட்டுள்ள பொருளைக் கொண்டிருக்கும்.’ மஞ்சள் ஒட்டினேன். இருபத்தாறாம் பக்கம், இரண்டாம் அட்டவணைக்குப் போனேன். பச்சை ஒட்டினேன். அங்கே இருந்தது: ‘தொலைத்தொடர்புச் சட்டம்: பிரிவு 1.1-இல் வரையறுக்கப்பட்டவாறு.’ சரி, அதுவும் எங்கோ போகச் சொல்கிறது என்று மஞ்சள் ஒட்டினேன். முதல் பக்கத்துக்கு வந்து பச்சை ஒட்டினேன். பார்த்தால் இரண்டு இடத்திலும் மஞ்சளும் பச்சையும் ஜோடியாக நின்றுகொண்டிருந்தன. பஸ் ஏறி, ஒரு சுற்று சுற்றி, ஏறிய இடத்திலேயே இறங்கியதுபோல இருந்தது.

எனக்குத்தான் இந்தச் சட்டப் பாஷை சரியாகப் புரியவில்லை என்று நினைத்தேன். சீட்டையெல்லாம் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினேன். மறுபடியும் ஜோடி.

மாடிகளில் ஏறி ஆன்டெனா மாட்டுகிறவர் எங்கள் அறைக்குத்தான் டீ குடிக்க வருவார். எல்லோரும் ஏணி அண்ணன் என்போம். அவரிடம் காட்டினேன்.

“அண்ணே, கொஞ்சம் பாருங்க. இதுல சட்டம் எங்க இருக்கு?”

அவர் முதல் பக்கம் பார்த்தார். இருபத்தாறு பார்த்தார். முதல் பக்கம். இருபத்தாறு. டீ ஆறிவிட்டது.

“இது என்ன, எங்க வீட்ல டார்ச் லைட் தேடுற மாதிரி இருக்கு. நான் அவளக் கேப்பேன், அவ என்னக் கேப்பா. கடைசி வரைக்கும் இருட்டுலதான் உக்காந்திருப்போம்.”

“நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனோன்னு…”

“நீ தப்பாப் புரிஞ்சுக்கல. இதுல புரிஞ்சுக்க ஒண்ணுமே இல்ல. நூத்தி நாப்பது மாடில ஏறியிருக்கேன், எந்தச் சட்டப்படின்னு எனக்கே தெரியாது பாரு!” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “வெள்ளிக்கிழமைதானே உனக்கு? அவர்கிட்ட சொல்லாத. சொல்லாமயும் இருக்காத.”

இதைவிட உபயோகமான யோசனை யாராலும் தந்திருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை துணிந்து பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வக்கீல் சார் அறைக்குள் போனேன். அவருக்கு அரைப்புள்ளி என்று பட்டப்பெயர், பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி வராது. அன்றைக்கென்று பார்த்து நல்ல மனநிலையில் இருந்தார்.

“என்னம்மா, பக்கம் எல்லாம் சரியா இருக்கா?”

“இருக்கு சார்.”

“இந்த மூலப்பிரதிய எழுதறப்ப எனக்குத் தலை நெறைய முடி. இந்தப் பத்தொன்பது வருஷத்துல ஒரு கமா மாத்தல, நூத்தி நாப்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க, அதுல ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்டதில்ல, ஏன்னு சொல்லு பாப்போம்?”

“ஏன் சார்?”

“அவ்வளவு தெளிவு!”

“ஆமா சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. ஆனால் ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் தெளிவாகக் கேட்டாள்.

“சட்டம்னா சட்டம்தானேடி? அதுக்கு எதுக்குத் தனியா அர்த்தம்?”

“எந்தச் சட்டம்னு சொல்லணும்க்கா. அந்தம்மா வீட்டு மேல கருவி நிக்கப்போகுது. நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா எதை வெச்சுக் கேப்பாங்க?”

“அப்ப பேரும் வருஷமும் போட்டு எழுதிட வேண்டியதுதானே.”

“அந்தச் சட்டத்த எடுத்துட்டு வேற சட்டம் கொண்டுவந்தா? ஒப்பந்தம் செத்துப்போன சட்டத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கும்.”

அக்கா போய்க் குக்கரை அணைத்தாள். பிறகு, “இது என் பிள்ளைங்க பிரச்சினைடி!” என்றாள்.

நடந்தது என்னவென்றால், பள்ளிக்கூட நாளில் டிவி பார்க்கக் கூடாது என்று அக்கா ஒரு தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். பெரியவன் போனில் பார்த்தான். கேட்டால், “டிவின்னுதானே எழுதியிருக்க?” போனையும் சேர்த்தாள். டேப்லெட்டில் பார்த்தான். அதையும் சேர்த்தாள். அது உடைந்து புதிது வந்ததும், “இது நீ எழுதினப்ப இல்லவே இல்ல” என்றான். கடைசியில் சின்னவள் பக்கத்து வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, “இது அவங்க டிவிம்மா” என்றிருக்கிறாள்.

“ஒவ்வொரு ஓட்டையா அடைச்சு இப்பத்தான் உருப்படியா ஒண்ணு எழுதியிருக்கேன். படம் புடிச்சு அனுப்பறேன், பாரு” என்றாள்.

அனுப்பினாள். இதுதான் அது: ‘திரை என்றால்: அ) டிவி. ஆ) போன், டேப்லெட். இ) இனிமேல் வரப்போவது. ஈ) இவற்றில் எதை மாற்றினாலும் அதற்குப் பதிலாக வந்தது. உ) பக்கத்து வீட்டில் இருப்பதும் இதில் அடங்கும்.’

நான் எழுந்து நின்றுவிட்டேன். வக்கீல் சார் மூலப்பிரதியில் இல்லாதது எல்லாம் அக்கா வீட்டு பிரிட்ஜ் கதவில் இருந்தது.

புதன்கிழமை அதை அப்படியே போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக மாற்றினேன். அ) இந்த நாட்டில் தொலைத்தொடர்பைக் கட்டுப்படுத்தும் சட்டம். ஆ) அதன் கீழ் போடப்பட்ட விதிகள், உத்தரவுகள், உரிம நிபந்தனைகள். இ) இதே விஷயத்தில் இனிமேல் வரப்போகும் சட்டம். ஈ) இவற்றில் எதைத் திருத்தினாலும் திருத்தியபடி, எதை நீக்கினாலும் அதற்குப் பதிலாக வந்தது. அப்போது வக்கீல் சார் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாகப் பிரிண்ட் கொடுத்து, தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டேன். யாருக்கும் காட்டப்போவதில்லை, கையில் ஒரு தைரியத்துக்கு இருக்கட்டும் என்றுதான்.

வியாழக்கிழமை காலை தையல்காரம்மாவின் வெட்டும் அறைக்கு வக்கீல் சார், ஏணி அண்ணன், நான் மூன்று பேரும் போனோம். நீளமான மேஜை, அதன்மேல் சாக்கட்டிக் கோடு போட்ட கோட்டுத் துணி, மூலையில் தலையில்லாத பொம்மைகள் நாலு. தையல்காரம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கழுத்தில் டேப். வக்கீல் சாரை ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துக் கட்டடத்து மாடியில், ஓர் ஆன்டெனா நேராக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அதுவும் உங்களோடதுதான். போன வருஷம் நிறுத்துனீங்க” என்றார் தையல்காரம்மா. “படிம்மா. அர்த்தம் சொல்ற முதல் பிரிவ விட்டுடு, அந்தந்த வார்த்தை வர்றப்ப பாத்துக்கலாம்.”

படித்தேன். எட்டுப் பிரிவு வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஒன்பதாம் பிரிவு: “நிறுவனம் தன் கருவிகளைத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு இணங்கவே இயக்கும். இணங்காவிட்டால் அவற்றை அகற்றும்படி உரிமையாளர் கேட்கலாம்.”

“நில்லு. எந்தச் சட்டம்?”

முதல் பக்கத்தைப் புரட்டினேன். “பிரிவு ஒண்ணு புள்ளி ஒண்ணப் பாக்கணும்மா.”

“பாரு.”

“அதுல… இரண்டாம் அட்டவணையப் பாக்கச் சொல்லியிருக்கு.”

“சொன்னா பாக்க வேண்டியதுதானே.”

“அதுல… பிரிவு ஒண்ணு புள்ளி ஒண்ணுல சொன்னபடின்னு இருக்கு.”

“சரி, அங்க என்ன சொல்லியிருக்கு?”

“இரண்டாம் அட்டவணைல சொன்னபடின்னு…”

படிக்கச் சொன்னதை நிறுத்தச் சொல்லும்வரை படிக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கு. மூன்று சுற்று போய் வந்தேன். நாலாவது சுற்றுக்குப் பக்கத்தைப் புரட்டும்போது தையல்காரம்மா கையைத் தூக்கினார்.

“போதும்மா, எனக்குத் தலை சுத்துது. இடுப்புல எலாஸ்டிக் கோத்த மாதிரி இருக்கு, எங்க இழுத்தாலும் அங்கேயே வருது. வக்கீல் சார், முடிச்சு எங்க போட்டீங்க?”

“அது வழக்கமான வாசகம்தாம்மா” என்று சார் ஸ்டூலிலிருந்து எழுந்தார். “இந்தப் பொண்ணுக்குப் பிரிக்கத் தெரியல, இங்க கொடு.”

பைலை வாங்கினார். முதல் பக்கம். இருபத்தாறு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் பக்கம். இருபத்தாறு. அரைப்புள்ளி என்று பெயர் வாங்கியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏணி அண்ணன் ஜன்னலை அளப்பதுபோலத் தன் இரும்பு டேப்பை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அளக்க அங்கே ஒன்றும் இல்லை.

“தட்டச்சுப் பிழை” என்றார் சார் கடைசியில்.

“எத்தனை வருஷமா?”

சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“போன வருஷம் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன்” என்றார் தையல்காரம்மா. “அந்த ஆன்டெனாவ எந்தச் சட்டப்படி என் ஜன்னலுக்கு நேரா நிறுத்துனீங்கன்னு கேட்டேன். ‘ஒப்பந்தத்தில் வரையறுக்கப்பட்டுள்ள சட்டத்தின்படி’ன்னு பதில் வந்துச்சு. கீழ உங்க கையெழுத்துதான். நானும் பெரிய சட்டமா இருக்கும்னு பயந்து பேசாம இருந்துட்டேன். இப்பத்தான் தெரியுது, வெறும் பாக்கெட்ட வெச்சு கோட்டு தெச்சிருக்கீங்க. பைல எடுத்துட்டுக் கிளம்புங்க.”

மாடி போயிற்று. சார் தோற்றுப்போன முகத்தோடு வெளியே வந்தால் நாளைக்கு யார் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார்? என் பைக்குள் அந்தத் தாள் இருந்தது. எடுத்தால், முன்பே தெரிந்தும் மறைத்தேன் என்று ஆகும். எடுக்காவிட்டால் எல்லாமே முடிந்தது. என் கை தானாகப் பைக்குள் போனது. நான் போகச் சொல்லவில்லை.

“சார், இதப் பாருங்க.”

சார் தாளை வாங்கினார். “என்ன இது?”

“அந்த வாசகம் சார். எழுதி வெச்சேன்.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“திங்கட்கிழமைலேர்ந்து சார்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் செவ்வாய்க்கிழமை வந்தேன். நீங்க ‘அவ்வளவு தெளிவு’ன்னீங்க.”

ஏணி அண்ணன் டேப் சடக்கென்று சுருண்டு உள்ளே போனது. “சத்தமா படிங்க” என்றார் தையல்காரம்மா. சார் படித்தார். அ, ஆ, இ, ஈ. படிக்கப் படிக்க அவர் குரலில் மரியாதை ஏறியது. “நல்லா இருக்கே, எல்லாம் வந்துடுச்சே, திருத்தம் வந்துடுச்சு, மாற்றுச் சட்டம் வந்துடுச்சு…” என்று முனகிவிட்டு அடுத்த வரிக்கு வந்தார்.

“உ. பக்கத்து வீட்டில் இருப்பதும் இதில் அடங்கும்.”

அம்மா, புதன்கிழமை செருப்புச் சத்தம் கேட்ட அவசரத்தில் கடைசி வரியை மாற்றவில்லை.

“எந்தப் பக்கத்து வீடு?” என்றார் சார்.

“எங்க அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு சார்.”

“உங்க அக்காவுக்கும் தொலைத்தொடர்புக்கும் என்ன சம்பந்தம்?”

“பிள்ளைங்க அங்க போய் டிவி பாக்குது சார். அதுக்கு அக்கா எழுதினத வெச்சுத்தான் இத எழுதினேன்.”

ஏணி அண்ணன் பொம்மையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சார் பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனார்.

“கை வைக்காதீங்க!” என்றார் தையல்காரம்மா. “மொத்தத்துலயும் எனக்குப் புரிஞ்சது அந்த ஒரு வரிதான். பக்கத்துல இருக்கறதும் அடங்கணும். அது என் ஜன்னலப் பாக்கக் கூடாது. அந்த வரி இருந்தா மாடி உண்டு. இல்லன்னா இல்ல.”

“அம்மா, சட்டத்துக்கு எப்படிம்மா பக்கத்து வீடு இருக்கும்…”

“அத எப்படிப் பொருத்தறதுங்கறது உங்க தையல்.”

சார் அவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் என்னையும் பார்த்தார். அந்த வரியை வரையறையிலிருந்து எடுத்து, ஒன்பதாம் பிரிவின் கீழே தன் கையால் எழுதினார்: ‘ஒட்டியுள்ள கட்டடங்களில் நிறுவனம் வைத்திருக்கும் கருவிகளுக்கும் இப்பிரிவு பொருந்தும். அவை உரிமையாளரின் ஜன்னலை நோக்கி இருக்கக் கூடாது.’ எழுதும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு புதிதாக ஒரு வரி எழுதுகிறாரே.

“திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்?” என்று ஏணி அண்ணனைக் கேட்டார் தையல்காரம்மா.

“நாலு போல்ட்டு. டீ ஆறறதுக்குள்ள திருப்பிடுவேன். யாரும் சொல்லல, நானும் திருப்பல.”

மிச்சப் பக்கங்களையும் படித்து முடித்தேன், கையெழுத்து ஆயிற்று. திரும்பி வரும் வழியெல்லாம் சார் பைலையே புரட்டிக்கொண்டு வந்தார்.

நேற்று வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். அவர் மேஜையில் நூற்று நாற்பது ஒப்பந்தமும் கோபுரமாக நின்றன. அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“இது அத்தனையிலயும் அந்த எலாஸ்டிக்தான் இருக்கு. ஒவ்வொரு மாடிக்காரரையும் பாத்து, படிச்சுக் காட்டி, திருத்தம் எழுதி, கையெழுத்து வாங்கணும். எவ்வளவு நாள் ஆகும்?”

“ரெண்டு வருஷம் ஆகும் சார்.”

“அப்ப ரெண்டு வருஷத்துக்கு உன்ன எங்கேயும் அனுப்ப முடியாது, நான் ஒருத்தனே இதச் செஞ்சா எல்லாரும் சிரிப்பாங்க, நீ செஞ்சா உன் வேலைன்னு போயிடுவாங்க” என்று கோபுரத்துக்கு மேலாக ஒரு கடிதத்தை நீட்டினார்.

பணி உறுதிக் கடிதம். கையெழுத்துடன். நான் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்து அழுதேன், சந்தோஷ அழுகைதான். அப்புறம் ஒரு தடவை படித்தேன். கை பழக்கத்தில் ஒட்டுச்சீட்டை எடுத்தது. ‘பணிக்காலம்: பணி நியமனக் கடிதத்தில் கூறியவாறு.’ மஞ்சள். பையிலிருந்து பழைய நியமனக் கடிதத்தை எடுத்தேன். பச்சை. அதில் இருந்தது: ‘பணிக்காலம்: பணி உறுதிக் கடிதத்தில் கூறப்படுமாறு.’

இரண்டு கடிதத்திலும் மஞ்சளும் பச்சையும் ஜோடியாக நின்றன. விசா அலுவலகத்தில் அவர்கள் முதலில் தேடுவதே எத்தனை காலம் என்பதைத்தான்.

ஏணி அண்ணன் எட்டிப் பார்த்தார். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. “போ போ” என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

உள்ளே போனேன். சார் தலை நிமிரவில்லை. “என்னம்மா, எல்லாம் சரியா இருக்கா?”

“இல்ல சார்” என்றேன்.

இரண்டு கடிதத்தையும் சீட்டோடு மேஜையில் வைத்தேன். முதல் கடிதம் பார்த்தார். இரண்டாவது பார்த்தார். மறுபடி முதலாவதைப் பார்க்கப் போனவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

“உக்காரு” என்றார். “உங்க அக்கா நம்பரச் சொல்லு.”

அக்கா, நேற்று தெரியாத நம்பரிலிருந்து மூன்று தடவை வந்ததே, நீ மூன்று தடவையும் கட் செய்தாயே, அது அவர்தான். நீ எடுக்காததால் நாங்களே எழுதிக்கொண்டோம். ‘பணிக்காலம் என்றால் இன்றிலிருந்து இரண்டு வருடம், நீட்டிக்கப்பட்டால் நீட்டிக்கப்பட்டபடி.’ கீழே சார் கையெழுத்து. கடிதம் என் பைக்குள் இருக்கிறது, பையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். திங்கட்கிழமை விசா அலுவலகம். சித்தப்பாவிடம் நான் வக்கீல் இல்லை என்று இப்போது சொல்ல வேண்டாம். நூற்று நாற்பது மாடி முடியட்டும்.